எதிரெதிரே வரும் இரு பொருள்கள்: விடையைப் பார்த்துத் தவறைக் கண்டுபிடிப்பது எப்படி?

சீரான முடுக்கத்தோடு எதிரெதிரே வரும் இரண்டு பொருள்கள் எப்போது, எங்கே சந்திக்கும் என்ற கணக்கில், சூத்திரம் தெரியாமல் தடுமாறுகிறவர்கள் குறைவு. இயக்கச் சமன்பாடுகள் மூன்றையும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். இருந்தும் விடை தவறுகிறது. தவறும் விதங்கள் ஏராளம் என்று தோன்றும். உண்மையில் அவை கைவிரல் விட்டு எண்ணக் கூடியவை. ஒவ்வொரு தவறும் தனக்கே உரிய ஓர் அடையாளத்தை விடையில் விட்டுச் செல்கிறது. அந்த அடையாளத்திலிருந்து பின்னோக்கிப் போய்த் தவறைப் பிடிப்பதற்கான வழிதான் இது.

முதலில் ஓர் ஏற்பாடு. நேர்க்கோட்டில் ஓர் ஆதிப்புள்ளி, வலப்பக்கம் நேர்க்குறி, இடப்பக்கம் எதிர்க்குறி. இரண்டு பொருள்களுக்கும் இதே கோடு, இதே குறி, இதே கடிகாரம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரி எழுத வேண்டும்:

இடம் = தொடக்க இடம் + தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்²

நேரத்தை இனி ‘நே’ என்று குறிக்கிறேன். தொலைவு மீட்டரில், நேரம் வினாடியில். இரண்டு இடங்களும் சமமாகும் கணமே சந்திப்பு. ‘கடந்த தொலைவு’ என்று தொடங்காமல் ‘இடம்’ என்று தொடங்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு: தொலைவுக்குத் திசை கிடையாது. எதிரெதிர்க் கணக்கில் பாதித் தவறுகள் திசையைத் தொலைப்பதால் வருகின்றன.

சந்திக்கும் நேரம் நம்ப முடியாத அளவுக்கு நீளமாக இருக்கிறது

நேரான சாலையில் நிற்கும் கார் ஒன்று 2 மீ/வி² முடுக்கத்துடன் வலப்பக்கம் புறப்படுகிறது. அதே கணத்தில், 200 மீட்டர் தள்ளி, ஒரு லாரி 10 மீ/வி என்ற மாறாத வேகத்தில் காரை நோக்கி வருகிறது. எப்போது ஒன்றையொன்று கடக்கும்?

காரின் இடம் = நே²
லாரியின் இடம் = 200 − 10நே

சமப்படுத்தினால் நே² + 10நே − 200 = 0. காரணிப்படுத்தினால் (நே + 20)(நே − 10) = 0. விடை 10 வினாடி. இருவரும் 100 மீட்டரில் சந்திக்கிறார்கள்.

லாரியின் வரியில் 200 + 10நே என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? நே² − 10நே − 200 = 0 என்று வரும்; விடை 20 வினாடி. இந்தத் தவறான விடைதான் ஆபத்தானது. முழு எண், நேர்க்குறி, காரணியும் அழகாகப் பிரிகிறது. எதிரே வர வேண்டிய லாரி காரிடமிருந்து விலகி ஓடுகிறது, கார் அதைத் துரத்திப் பிடிக்கிறது என்ற வேறொரு கணக்கின் சரியான விடை அது. அதனால்தான் சந்தேகம் எழுவதில்லை.

பிடிப்பது எளிது. லாரி மட்டும் ஓடி, கார் நின்ற இடத்திலேயே இருந்தால் 20 வினாடி ஆகும். கார் மட்டும் ஓடி, லாரி நின்றிருந்தால் √200, அதாவது ஏறக்குறைய 14.1 வினாடி ஆகும். இருவருமே நெருங்கும்போது இந்த இரண்டையும்விடக் குறைவாகத்தான் நேரம் வர வேண்டும். 14.1-ஐத் தாண்டிய எந்த விடையும் தவறு. சமன்பாட்டைத் தொடுவதற்கு முன்பே இந்த இரண்டு எண்களையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளும் பழக்கத்தை நான் வலியுறுத்திச் சொல்வேன். அரை நிமிட வேலை. காப்பாற்றுவதோ முழுக் கணக்கை.

இந்தக் கணக்கில் சந்திப்பு சரியாக நடுவில் அமைந்தது தற்செயல். ‘எதிரெதிரே வந்தால் பாதி வழியில் சந்திப்பார்கள்’ என்று யாராவது இதிலிருந்து எடுத்துக்கொண்டால், அடுத்த கணக்கிலேயே சறுக்குவார்கள்.

பிரேக் போட்டதும் மோதல் சீக்கிரமாக நடக்கிறது

ஒரே தண்டவாளத்தில் இரண்டு ரயில்கள் எதிரெதிரே வருகின்றன. இடது ரயிலின் வேகம் 20 மீ/வி, வலது ரயிலின் வேகம் 30 மீ/வி. இடைவெளி 840 மீட்டராக இருக்கும்போது இரு ஓட்டுநர்களும் ஒரே கணத்தில் பிரேக் போடுகிறார்கள். இடது ரயிலின் வேகம் வினாடிக்கு 0.5 மீ/வி வீதமும், வலது ரயிலின் வேகம் வினாடிக்கு 1 மீ/வி வீதமும் குறைகிறது. மோதுமா?

பலர் எழுதுவது: வலது ரயிலின் இடம் = 840 − 30நே − ½நே². ‘வேகம் குறைகிறது, ஆகவே முடுக்கத்துக்கு எதிர்க்குறி’ என்பது அவர்கள் வாதம். இதை இடது ரயிலின் 20நே − ¼நே² என்பதோடு சமப்படுத்தினால் 15.6 வினாடியில் மோதல் என்று வரும். யாருமே பிரேக் போடாவிட்டால் மோதல் எப்போது? 840-ஐ 50-ஆல் வகுத்தால் 16.8 வினாடி. ஆக, பிரேக் போட்டதால் மோதல் முன்கூட்டியே நடக்கிறது! விடைத்தாளில் இதைக் கண்டால் வேறு எதையும் தேட வேண்டாம். முடுக்கத்தின் குறிதான் தவறு.

முடுக்கத்தின் குறி, வேகம் கூடுகிறதா குறைகிறதா என்பதைப் பொறுத்தது அல்ல. அது எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதைப் பொறுத்தது. வலது ரயில் இடப்பக்கம் ஓடுகிறது. அதைத் தடுக்கும் பிரேக் வலப்பக்கம் தள்ளுகிறது. வலப்பக்கம் நேர்க்குறி. ஆகவே,

வலது ரயிலின் இடம் = 840 − 30நே + ½நே²

திசைவேகமும் முடுக்கமும் ஒரே குறியில் இருந்தால் வேகம் கூடும்; எதிரெதிர்க் குறியில் இருந்தால் குறையும். ‘எதிர் முடுக்கம்’ என்று பாடத்தில் படித்ததும், எங்கே பார்த்தாலும் மைனஸ் போடும் பழக்கம் வந்துவிடுகிறது. ஒரே ஒரு பொருள் வலப்பக்கம் ஓடும் கணக்குகளில் அந்தப் பழக்கம் பிழைத்துப் போகும். எதிரே ஒன்று வந்ததும் அகப்பட்டுக்கொள்ளும்.

சமன்பாட்டுக்குத் தீர்வே இல்லை. ‘மோதாது’ என்று எழுதலாமா?

இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். முழுக் கணக்கிலும் ஆழமான பள்ளம் இதுதான்; குறிகளைச் சரியாகப் போடத் தெரிந்தவர்களும் இதில் விழுகிறார்கள்.

மேலே உள்ள ரயில்களின் சரியான வரிகளைச் சமப்படுத்துவோம்.

20நே − ¼நே² = 840 − 30நே + ½நே²
¾நே² − 50நே + 840 = 0

தன்மைகாட்டி (இருபடிச் சமன்பாட்டுக்கு மெய்யான தீர்வு உண்டா என்று சொல்லும் எண்): 50² − 4 × ¾ × 840 = 2500 − 2520 = −20. எதிர்க்குறி. மெய்யான தீர்வு கிடையாது. சார்புத் திசைவேக முறையில், அதாவது ஒரு ரயிலைப் பொறுத்து மற்றதன் வேகத்தை எடுத்துக்கொண்டு செய்பவர்களுக்கும் இதே முடிவுதான் கிடைக்கும்: நெருங்கும் வேகம் 50, அது குறையும் வீதம் 1.5, தேவைப்படும் தொலைவு 50² ÷ (2 × 1.5) = 2500 ÷ 3 = 833.3 மீட்டர். இடைவெளியோ 840. ஆறேழு மீட்டரில் தப்பித்துவிட்டார்கள் என்று எழுதி, அடிக்கோடும் போட்டுவிடுவார்கள்.

இப்போது ரயில்களைத் தனித்தனியாகப் பாருங்கள். இடது ரயில் நிற்க ஆகும் நேரம் 20 ÷ 0.5 = 40 வினாடி; அதற்குள் ஓடும் தொலைவு 400 மீட்டர். வலது ரயில் நிற்க ஆகும் நேரம் 30 வினாடி; தொலைவு 450 மீட்டர். கூட்டினால் 850. இருப்பது 840. பத்து மீட்டர் போதவில்லை. ரயில்கள் மோதுகின்றன.

இரண்டு முறைகளும் எப்படி மாறுபட முடியும்? வலது ரயில் 30-ஆவது வினாடியில் நின்றுவிட்டது. சமன்பாட்டுக்கு அது தெரியாது. 840 − 30நே + ½நே² என்ற வரி 30 வினாடிக்குப் பிறகும் அதே முடுக்கத்தைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருக்கிறது. காகிதத்தில் வலது ரயில் நின்று, பின்னோக்கி நகரத் தொடங்குகிறது. 33.3-ஆவது வினாடிக்குள் அது 5.6 மீட்டர் பின்வாங்கிவிடுகிறது. இடது ரயிலுக்கு இல்லாத இடத்தை ஒதுக்கிக் கொடுத்து, மோதலைத் தவிர்த்துவிடுகிறது.

மேல்நோக்கி எறிந்த கல் உச்சியில் ஒரு கணம் நின்று திரும்பும். புவியீர்ப்பு அப்போதும் கீழே இழுத்துக்கொண்டிருப்பதால், கல்லுக்கு எழுதிய வரி உச்சிக்குப் பிறகும் செல்லும். பிரேக் அப்படி அல்ல. உராய்வு விசை இயக்கத்தை எதிர்க்கும். இயக்கம் நின்றதும், பின்னோக்கித் தள்ள அங்கே எதுவும் இல்லை. ஒரே சூத்திரம், ஆனால் கல்லுக்குச் செல்லுபடியாகும் காலம் ஒன்று, ரயிலுக்கு வேறு. எனவே பிரேக் வரும் எந்தக் கணக்கிலும், ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதன் காலாவதி நேரத்தை எழுதிவைக்க வேண்டும்: இடது ரயில், 40 வினாடி வரை, வலது ரயில், 30 வினாடி வரை.

சரியான தீர்வு இப்படிப் போகும். முதல் 30 வினாடிக்குள் சந்திப்பு உண்டா என்று பார்க்க வேண்டும். 30-ஆவது வினாடியில் இடது ரயில் 600 − 225 = 375 மீட்டரில் இருக்கிறது; வலது ரயில் 840 − 450 = 390 மீட்டரில் நிற்கிறது. இன்னும் 15 மீட்டர் இருக்கிறது. இதற்குப் பிறகு வலது ரயிலின் வரி மாறுகிறது: இடம் = 390, அவ்வளவுதான். இடது ரயில் 390 மீட்டரை எட்டும் நேரம்:

¼நே² − 20நே + 390 = 0

நே = (20 − √10) ÷ 0.5 = 33.7 வினாடி. அப்போது இடது ரயிலின் வேகம் √10, அதாவது 3.2 மீ/வி, மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டர். நின்றுகொண்டிருக்கும் ரயில் மீது அந்த வேகத்தில் போய் இடிக்கிறது.

இதே கணக்கில் தொடக்க இடைவெளியை மட்டும் மாற்றிப் பார்த்தால் பள்ளத்தின் எல்லைகள் தெரியும். 825 மீட்டருக்குக் கீழே, நேரடிச் சமன்பாடு மோதல் நேரத்தைச் சரியாகவே தருகிறது. வலது ரயில் நிற்பதற்குள் மோதல் நடந்துவிடுவதால் வரி காலாவதியாகவில்லை. 825-க்கும் 833.3-க்கும் இடையே ‘மோதும்’ என்பது சரி, நேரம் தவறு. 833.3-க்கும் 850-க்கும் இடையே ‘மோதாது’ என்பதே தவறு. 850-க்கு மேல் உண்மையிலேயே பிழைத்தார்கள். இரண்டு ரயில்களும் ஒரே நேரத்தில் நிற்கும்படி எண்கள் அமைந்தால் மட்டும் இந்தப் பள்ளம் மறைந்துவிடும். உதாரணமாக, வலது ரயிலின் வேகம் வினாடிக்கு 0.75 மீ/வி வீதம் குறைந்தால் இரண்டுமே 40 வினாடியில் நிற்கும். இரண்டு முறைகளிலும் 1000 மீட்டர் என்றே வரும். பாடநூல் கணக்குகள் சில அப்படி அமைவதால்தான், தவறான முறை வெகுநாள் பிடிபடாமல் இருக்கிறது.

இது வெறும் தேர்வுக் கணக்கு அல்ல. 2022 மார்ச் 4 அன்று, தென் மத்திய ரயில்வேயின் செகந்திராபாத் கோட்டத்தில், ஒரே தண்டவாளத்தில் ரயில்களை எதிரெதிரே விட்டு, ‘கவச்’ என்ற தானியங்கிப் பாதுகாப்பு முறையைச் சோதித்தார்கள். ரயில்வே அமைச்சர் அஸ்வினி வைஷ்ணவ் இருந்த ரயில், எதிரே இருந்த என்ஜினுக்கு 380 மீட்டர் முன்னதாகவே தானாக நின்றது. நம் கணக்கில் ஓட்டுநர்கள் பிரேக் போட ஒரே ஒரு வினாடி தாமதித்தாலும் 50 மீட்டர் போய்விடும். அத்தனை பெரிய இடைவெளியை விட்டு நிறுத்துவது ஏன் என்பது இதிலிருந்தே விளங்கும்.

இரண்டு விடைகள் வருகின்றன

ஒன்று எதிர்க்குறியில் வந்தால் விலக்கிவிடலாம். ஆனால் அதற்கும் பொருள் உண்டு என்பதைத் தெரிந்துகொண்டு விலக்குவது நல்லது. கார்–லாரிக் கணக்கில் வந்த −20 வினாடி, கடிகாரத்தைப் பின்னோக்கி ஓட்டினால், அதே முடுக்கத்தில் கார் 400 மீட்டரில் இருந்திருக்க வேண்டிய கணத்தைச் சொல்கிறது; லாரியும் அப்போது 400 மீட்டரில் இருந்திருக்கும். உண்மையில் கார் அதுவரை நின்றுகொண்டிருந்தது. ஆகவே அந்த விடைக்கு இடமில்லை.

இரண்டும் நேர்க்குறியில் வந்தால் காலாவதி நேரத்தோடு ஒப்பிட வேண்டும். ரயில்களின் இடைவெளி 800 மீட்டர் என்றால் 26.7 வினாடி, 40 வினாடி என இரண்டு விடைகள் வரும். வலது ரயிலின் வரி 30 வினாடியோடு காலாவதி. 26.7 மட்டுமே நிற்கும். சாய்தளத்தில் மேல்நோக்கி உருட்டிவிட்ட பந்தும், மேலிருந்து சீராக இறங்கும் வண்டியும் என்று கணக்கு வந்தால் அங்கே இரண்டு சந்திப்புகளும் உண்மையாக இருக்கலாம். ஏனென்றால் பந்து திரும்பி வரும்.

எண்கள் மலைபோல வருகின்றன

மணிக்குக் கிலோமீட்டரில் உள்ள வேகத்தை 5/18-ஆல் பெருக்காமல் விட்டிருப்பீர்கள். 72 கி.மீ./மணி என்பது 20 மீ/வி. மேற்கொண்டு சொல்ல ஒன்றுமில்லை.

இருவரும் கடந்த தொலைவுகளைக் கூட்டினால் இடைவெளி வரவில்லை

ஒன்று முன்னே, மற்றது பின்னே புறப்படும் கணக்கில் இது வாடிக்கை. அதே கார், அதே லாரி. ஆனால் லாரி 4 வினாடி கழித்துப் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த 4 வினாடியில் கார் 16 மீட்டர் போயிருக்கும். மீதி இடைவெளி 184. இதுவரை எல்லோரும் சரியாகச் செய்வார்கள். பிறகு கடிகாரத்தைச் சுழியத்துக்குத் திருப்பி, நே² + 10நே = 184 என்று எழுதுவார்கள். விடை 9.46 வினாடி, மொத்தம் 13.46.

சோதனை: 13.46 வினாடியில் கார் 181 மீட்டர், லாரி 9.46 வினாடியில் 94.6 மீட்டர். கூட்டினால் 275-க்கும் மேல். சாலையே 200 மீட்டர்தான்.

கடிகாரத்தைத் திருப்பியபோது காரின் இடத்தை மாற்றினார்கள். அது அதற்குள் பெற்றிருந்த 8 மீ/வி வேகத்தை மறந்துவிட்டார்கள். சரியான சமன்பாடு: 8நே + நே² + 10நே = 184. விடை 7.28 வினாடி, மொத்தம் 11.28. கார் 127.2 மீட்டர், லாரி 72.8 மீட்டர், கூட்டினால் 200.

கடிகாரத்தைத் திருப்ப விரும்பாதவர்கள், லாரியின் வரியில் நே வரும் இடத்தில் (நே − 4) என்று எழுதலாம். அந்த வரி 4 வினாடிக்குப் பிறகே தொடங்குகிறது என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். வரிகளுக்குக் காலாவதி இருப்பது போலத் தொடக்க நேரமும் உண்டு.

புவியீர்ப்பு முடுக்கம் கணக்கிலிருந்து காணாமல் போய்விட்டது

60 மீட்டர் உயரத்திலிருந்து ஒரு பந்தைக் கைவிடுகிறோம். அதே கணத்தில், தரையிலிருந்து இன்னொரு பந்தை 20 மீ/வி வேகத்தில் நேர் மேலே எறிகிறோம். மேல்நோக்கி நேர்க்குறி. புவியீர்ப்பு முடுக்கம் கீழ்நோக்கி 9.8 மீ/வி²; அதில் பாதி 4.9.

மேல் பந்தின் உயரம் = 60 − 4.9நே²
கீழ்ப் பந்தின் உயரம் = 20நே − 4.9நே²

சமப்படுத்தினால் 4.9நே² இரு பக்கமும் அடிபடுகிறது. நே = 60 ÷ 20 = 3 வினாடி. இவ்வளவு எளிதாக வரக் கூடாதே என்று பயந்து, கணக்கை அழித்துவிட்டு மறுபடி தொடங்குகிறவர்கள் உண்டு. அழிக்க வேண்டாம். இரண்டு பந்துகளுக்கும் ஒரே முடுக்கம் என்பதால், ஒன்றைப் பொறுத்து மற்றதன் வேகம் மாறுவதே இல்லை. 20 மீ/வி என்ற மாறாத வேகத்தில் நெருங்குகின்றன. ஒரு பந்துக்கு +4.9, மற்றதுக்கு −4.9 என்று எழுதி, அடிபடாமல் பார்த்துக்கொண்டவர்கள்தான் தவறு செய்தவர்கள். மேலே போனாலும் கீழே வந்தாலும் புவியீர்ப்பு கீழ்நோக்கியே இழுக்கிறது.

சந்திப்பின்போது கீழ்ப் பந்தின் திசைவேகம் 20 − 29.4 = −9.4 மீ/வி என்று வருவதும் சிலரைக் கலங்கடிக்கும். பந்து உச்சியைத் தொட்டுத் திரும்பி இறங்கிக்கொண்டிருக்கிறது. மேல் பந்து வேகமாக வந்து அதை எட்டிப் பிடிக்கிறது. உயரம் 15.9 மீட்டர்.

எறியும் வேகத்தை 15 மீ/வி ஆக்கினால் நே = 4 வினாடி; உயரம் 60 − 78.4 = −18.4 மீட்டர். தரைக்கு அடியில் சந்திப்பு! அடையாளம் பழையதுதான்: வரி காலாவதியான பிறகும் அதைப் பயன்படுத்தியிருக்கிறோம். எறிந்த பந்து 3.06 வினாடியிலும், கைவிட்ட பந்து 3.5 வினாடியிலும் தரையைத் தொட்டுவிடுகின்றன. காற்றில் சந்திக்க வேண்டுமானால் 60-ஐ எறியும் வேகத்தால் வகுத்து வருவது 3.5-க்குக் குறைவாக இருக்க வேண்டும். வேகம் ஏறக்குறைய 17.15 மீ/வி-க்கு மேல். அதற்கும் 24.25-க்கும் இடையே எறிந்தால், கீழ்ப் பந்து இறங்கும்போது சந்திப்பு, 24.25-ஐத் தாண்டினால் ஏறும்போதே சந்திப்பு.